கப்பல் ஏறுமுன் ஒரு சோதனை

கப்பல் பயணம் இப்போது நம் பக்கத்து ஓய்வூதியக்காரர்களுக்கும் எட்டுகிற விஷயமாகிவிட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா கம்பெனியின் 'எம்ப்ரஸ்' என்ற உல்லாசக் கப்பல் புறப்பட்டது. மறு வருஷம் அதே கப்பல் இலங்கைக்கும் போய் வந்தது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில், சஷ்டியப்த பூர்த்தி முடிந்த கையோடு பெற்றோரைக் கப்பலில் ஒரு சுற்று அனுப்பி வைப்பதும் உண்டு. டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு தாள் கேட்பார்கள். அதுதான் மருத்துவச் சான்றிதழ். ஒரு சமயம் ஊசி போட்டதற்கு, ஒரு சமயம் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்ததற்கு.

"நான் நன்றாகத்தானே இருக்கிறேன், எனக்கு எதற்கு இதெல்லாம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தச் சோதனை கப்பல் ஏறுகிறவரின் நன்மைக்காக ஏற்பட்டதில்லை. அவர் இறங்கப்போகும் ஊரின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. அந்த ஊர் யாரைக் கண்டு பயந்தது, யாரை நம்பி உள்ளே விட்டது என்பதுதான் இதன் சரித்திரம். அந்தச் சரித்திரத்தில் நம் தமிழ் ஜனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் பிரெஞ்சு வழியில் பள்ளிப்படிப்பு படித்தவன். அந்த மொழியில் 'காராந்த்' என்றால் நாற்பது. 'காராந்தேன்' என்றால் சுமார் நாற்பது. ஆங்கிலத்தில் நாம் சொல்லும் குவாரண்டைனும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். மூலம் இத்தாலிய மொழி. 1377-இல் ஏட்ரியாட்டிக் கடலோரத்து ரகூசா நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்) ஒரு சட்டம் போட்டது. பிளேக் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்கள் முப்பது நாள் வெளியே தங்கிவிட்டுத்தான் நகருக்குள் வரலாம். பின்னால் அது நாற்பது நாளாயிற்று, பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது. கிருமி என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில், நாள் கணக்கு ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த சோதனை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் வந்ததும் நோயும் வேகமாகப் பயணம் செய்தது. காலராவுக்குப் பயந்து 1851-இல் பாரிஸ் நகரில் முதல் சர்வதேசச் சுகாதார மாநாடு கூடியது. பன்னிரண்டு நாடுகள் கலந்துகொண்டன. நாட்டுக்கு ஒரு வைத்தியர், ஒரு ராஜதந்திரி. மாதக்கணக்கில் பேசியும் உருப்படியாக ஒரு முடிவும் நிலைக்கவில்லை. தடை போட்டால் வியாபாரம் கெடும், போடாவிட்டால் ஊர் கெடும் என்ற இழுபறிதான் காரணம். ஆனால் ஒரு விஷயத்தில் ஐரோப்பாவில் பலருக்கும் ஒரே எண்ணம் இருந்தது: காலராவின் பிறப்பிடம் இந்தியா. அதனால் இந்தியாவிலிருந்து வரும் கப்பல் என்றாலே சந்தேகக் கண்தான்.

அந்தக் கண் முதலில் விழுந்தது நம் ஏழைகள் மேல். ஆங்கிலேயக் காலனிகளில் 1834-இலும் பிரெஞ்சுக் காலனிகளில் 1848-இலும் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சென்னையிலிருந்தும், புதுச்சேரி, காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஜனங்கள் ஏற்றப்பட்டார்கள். நேட்டாலுக்கு முதல் தொகுதியை ஏற்றிச் சென்ற 'ட்ரூரோ' கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் இன்றும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள்.

கப்பல் ஏறுமுன் டிப்போவில் வைத்து டாக்டர் பார்ப்பார். அந்தச் சோதனையில் இரண்டு கேள்விகள் இருந்தன. உடம்பில் தொற்று நோய் இருக்கிறதா? தோட்டத்தில் உழைக்கத் தெம்பு இருக்கிறதா? இரண்டிலும் தேறியவருக்குத்தான் கப்பல். போய்ச் சேர்ந்த இடத்திலும் விடவில்லை. புர்போன் என்று நம் முன்னோர் சொன்ன ரெயூனியன் தீவில், லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் 'லாசரே' என்னும் தனிமை விடுதி கட்டி, வந்து இறங்கியவர்களை அங்கே வைத்திருந்து பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்து இன்று அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் தூர தேசம். நம் வாசலிலேயே நடந்தது மண்டபம்.

ராமேஸ்வரம் போகிறவர்கள் ரயிலில் 'மண்டபம் கேம்ப்' என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்த்திருப்பார்கள். என்ன கேம்ப் என்று பலர் யோசிப்பதில்லை. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில் நடத்திய குவாரண்டைன் முகாம் அது. இலங்கையின் காப்பித் தோட்டக் காலத்தில் நம் ஜனங்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழிநெடுக இறந்தவர்கள் ஏராளம். 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும் இலங்கை அரசு கெடுபிடியை அதிகமாக்கியது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு ஸ்டீமர் ஓடத் தொடங்கியதும், மண்டபம்தான் வாசல் என்றாகிவிட்டது.

கங்காணி சேர்த்துக் கொண்டுவந்த ஆட்களை ரயிலிலிருந்து இறக்கி நேரே முகாமுக்குள் கொண்டுபோவார்கள். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று காட்டத் தகரத்தில் எண் பொறித்த வில்லை ஒன்று இருக்கும். துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்வார்கள். அம்மை குத்துவார்கள். 1920-களில் இன்னொன்றும் சேர்ந்தது: கொக்கிப்புழுவுக்கு மருந்து. வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதம் வழியாக ஏறிக் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. இலங்கைத் தோட்டங்களில் ராக்ஃபெல்லர் நிறுவனம் அதை ஒழிக்க 1916 முதல் வேலை செய்துகொண்டிருந்தது. ஆகவே புழுவை இக்கரையிலேயே நிறுத்திவிடப் பார்த்தார்கள்.

இதெல்லாம் முடிய ஐந்தாறு நாள் ஆகும். கூட வந்தவர்களில் ஒருவருக்கு அம்மையோ பேதியோ கண்டால் காத்திருப்பு நீளும். சாப்பாடு உண்டு, இடம் உண்டு, வெளியே போகத்தான் முடியாது. நியாயமாகச் சொன்னால், மன்னார்க் காட்டு வழியில் செத்து விழுந்ததைவிட இது எவ்வளவோ மேல். உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதே போட் மெயிலில் மேல் வகுப்பில் போன வக்கீலுக்கும் வியாபாரிக்கும் இந்த முகாம் வாசம் கிடையாது. டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். கிருமிக்கு மட்டும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தெரியுமா என்ன? கடனுக்கும் பஞ்சத்துக்கும் பயந்து ஊரைவிட்டுக் கிளம்பியவரை, உடம்பு தேறாது என்று மண்டபத்தில் திருப்பி அனுப்பினால், அவர் திரும்பிப் போவது அதே கடனுக்கும் அதே பஞ்சத்துக்கும்தான்.

மலாயா போனவர்களுக்கும் இதே கதை. அவர்களுக்கு ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். அங்கே தங்கவைத்து, அம்மை குத்தி, டாக்டர் பார்த்த பிறகே கப்பல். 1938-இல் இந்திய அரசு கூலிகளை உதவி கொடுத்து அனுப்பும் முறையை நிறுத்தும்வரை இது நடந்தது. பினாங்கு, சிங்கப்பூர் என்றால் நம் தலைமுறைக்கு நினைவு வருவது 'ரஜூலா'. 1926-இல் கட்டிய கப்பல், 1970-களின் தொடக்கம் வரை சென்னையையும் நாகப்பட்டினத்தையும் மலாயாக் கரையோடு இணைத்தது. அதில் கேபின் பயணிகள் சிலர், டெக் பயணிகள் பலர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, ஊறுகாய் ஜாடியும் தகரப் பெட்டியுமாகப் போனவர்கள் அவர்கள். கப்பலில் அம்மை கண்டுவிட்டால் டெக் பயணிகளைப் பினாங்கில் ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் இறக்கி வைத்துவிடுவார்கள். ஊரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தீவில் நாளை எண்ண வேண்டியதுதான்.

ரஜூலாவுக்குப் பின் வந்தது 'எம்.வி. சிதம்பரம்'. அது முதலில் பிரெஞ்சுக் கப்பல். டன்கர்க்கில் கட்டி 1966-இல் ஓடத் தொடங்கியபோது அதன் பெயர் 'பாஸ்தேர்'. கிருமிகளால்தான் நோய் வருகிறது என்று உலகத்துக்கு நிரூபித்த லூயி பாஸ்தேரின் பெயர். 1985-இல் தீவிபத்துக்குள்ளாகி, உயிர்கள் பலியாகி, அந்தக் கப்பலின் காலமும் முடிந்தது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இருந்த அந்தப் பழைய பயணிக் கப்பல் வழியும் அதோடு முடிந்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். கிண்டியில் கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறதே, அது ஏதோ ஒரு ராஜாவின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கிங் என்ற டாக்டரின் பெயர் அது. 1899-இல் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தொடங்கியது. மாகாணம் முழுவதும் கைகளில் குத்திய அம்மைப்பால் அங்கிருந்து போனது. தெருவில் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றதும் பரண்மேல் ஒளிந்தவர்கள் இதைப் படிக்கும் வாசகர்களில் சிலராவது இருப்பீர்கள். அந்த வட்டத் தழும்பு நம் வயதுக்காரர்கள் தோளில் இன்னும் இருக்கிறது. வெளிநாடு போக அந்தக் காலத்தில் அம்மைச் சான்றிதழ் கட்டாயம், மூன்று வருஷம்தான் செல்லும்.

பிறகு நடந்தது பெரிய விஷயம். இந்தியாவில் கடைசி வைசூரி நோயாளி 1975-இல். 1980 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் வைசூரி உலகைவிட்டே ஒழிந்தது என்று அறிவித்தது. நூறு வருஷத்துக்கு மேல் நம்மவர்களைக் கரையில் நிறுத்தி வைத்த நோய் போயிற்று, அதற்கான சான்றிதழும் போயிற்று. காலரா ஊசிச் சான்றிதழை அதற்கு முன்பே, 1973-இல், சர்வதேச விதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மிச்சம் இருப்பது மஞ்சள் காய்ச்சல். இதில் நிலைமை தலைகீழ். அந்த நோய் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் உண்டு, இந்தியாவில் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் தெருவில் நிறைய இருக்கிறது. 1914-இல் பனாமா கால்வாய் திறக்குமுன், அந்த வழியாக நோய் ஆசியாவுக்கு வந்துவிடுமோ என்று இந்திய அரசு கவலைப்பட்டது. அந்தக் கவலை இன்றும் நீங்கவில்லை. அந்த நாடுகளுக்குப் போய்விட்டு ஊசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், ஆறு நாள் வரை தனிமையில் வைக்க நம் விதியில் இடம் உண்டு. இப்போது நாம்தான் மண்டபத்தில் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் டாக்டர்.

கப்பல் பயணம் போகிறவர்களுக்கு உபயோகமாக நாலு வார்த்தை. சிங்கப்பூர், ஐரோப்பா என்றால் இந்த ஊசி பொதுவாகத் தேவைப்படாது. மொம்பாசாவிலோ பிரேசிலிலோ கப்பல் நிற்கிறதென்றால் முன்கூட்டியே விசாரியுங்கள். அங்கீகாரம் பெற்ற இடத்தில் போட்டு, முத்திரை வைத்த மஞ்சள் அட்டை வாங்கினால்தான் செல்லும். சென்னையில் கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுகச் சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்ட இடங்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், கடைசி நேரத்தில் ஓடிப் பயனில்லை. 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். முக்கியமாக ஒன்று: அறுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக இந்த ஊசி போட்டுக்கொள்வதில் சற்று ஆபத்து கூடுதல். உங்கள் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். உடல்நிலை காரணமாகப் போட முடியாதவர்களுக்கு டாக்டர் கடிதம் கொடுக்க விதியில் வழி இருக்கிறது. ஆனால் அதை ஏற்பதும் ஏற்காததும் போகிற நாட்டின் இஷ்டம்.

கடைசியாகக் கொரோனா. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் 'டைமண்ட் பிரின்சஸ்' உல்லாசக் கப்பலை நிறுத்தி வைத்தார்கள். அதில் 3,711 பேர். தொற்று கண்டவர்கள் 712 பேர். பணம் கட்டி ஏறிய கேபின் பயணிகளை அறைக்குள்ளேயே இரண்டு வாரம் அடைத்து வைத்தது உலகத்துக்கே அதிர்ச்சியாக இருந்தது. டெக் பயணிகளின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் புதுமை ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் அங்கேயும் பழைய பேதம் போகவில்லை. கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் ஊழியர்கள். பயணிகள் அறைக்குள் இருக்க, ஊழியர்கள் கீழ்த்தளத்தில் அறையைப் பகிர்ந்துகொண்டு, சமைத்து, தட்டு கொண்டுபோய் வாசலில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பின் சில காலம் எல்லாக் கப்பலிலும் சோதனை முடிவு இல்லாமல் ஏற முடியாது என்றிருந்தது. கேபின் எந்த வகுப்பானாலும் ஒரே குச்சி, ஒரே மூக்கு. மண்டபத்துக்குப் பிறகு நூறு வருஷத்தில் வந்த முன்னேற்றம் இது என்று நான் நினைக்கிறேன். அடுத்த முறை யாராவது ஊசிச் சான்றிதழ் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் நீட்டிவிடுங்கள். நமக்கு அது பத்து நிமிஷ வேலை. அந்தக் கங்காணி ஆட்களுக்கு அது ஐந்தாறு நாள் வேலியும், தேறாவிட்டால் திரும்பிப்போகும் ரயிலும்.

மண்டபத்தில் பழைய முகாமின் இடத்தில் பின்னாளில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகளையும் மண்டபம் முகாமில்தான் பதிவு செய்து தங்கவைத்தார்கள். அக்கரைக்குப் போகக் காத்திருந்தவர்களின் வம்சத்தில் வந்தவர்கள் சிலர், இக்கரைக்கு வந்து அங்கேயே காத்திருந்திருக்கக் கூடும்.