சாலை வடிவமைப்பும் மாநகராட்சியின் பொறுப்பும்

ஹப்சிகுடா போன்ற ஒரு சந்திப்பில் உயிர் போனால் வழக்கு பெரும்பாலும் ஓட்டுநர் மீதே பதிவாகிறது. சாலையை வடிவமைத்தவர் அதில் இடம்பெறுவதில்லை. நகர நிர்வாகத்தைப் பொறுப்பாக்கும் வழியை உச்ச நீதிமன்றம் 1966இலேயே திறந்தது. டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு சரிந்து மக்கள் இறந்த வழக்கு அது. கட்டடத்தின் வயது 80. அதில் பூசிய சாந்தின் ஆயுளோ 40–45 ஆண்டுகள்தாம். குறை வெளியே தெரியவில்லை என்ற மாநகராட்சியின் வாதம் எடுபடவில்லை. ஆனால் 1997இல், ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில் அதே நீதிமன்றம் மாநகராட்சியை விடுவித்தது. தவறாக வரையப்பட்ட வளைவோ விழுவதுமில்லை; அதன் குற்றத்தை நிறுவுவது இன்னும் கடினம். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 198-ஏ பிரிவின் வழியாக, வடிவமைப்புத் தரம் மீறப்பட்டு மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்ததாரருக்கும் பொறுப்பு அமைப்புக்கும் அபராதம் விதிக்க வகைசெய்தது. உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். அத்தொகையும் விபத்து நிதிக்கே செல்கிறது, இறந்தவர் வீட்டுக்கு அன்று.