விசுவமடுவில் ஒரு முத்திரைப் பரிமாற்றம்

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே பிரியும் வீதி தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களினூடாக முல்லைத்தீவைச் சென்றடைகிறது. போர்க்காலச் செய்திகளில் இவ்வூர்ப் பெயர்களை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஆயினும், விசுவமடு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எந்தப் போர்ச் செய்தியுமன்று. அங்கு வாழ்ந்த கமக்காரர் ஒருவரின் முத்திரை அல்பமே. அவரோடு நான் செய்துகொண்ட ஒரு சிறு பரிமாற்றத்தையும் அதன் பின்னாலுள்ள வரலாற்றையும் இங்கு பதிவு செய்ய விரும்புகிறேன்.

விசுவமடு காடு வெட்டி உருவாக்கப்பட்ட குடியேற்றம். படித்துவிட்டு வேலையற்றிருந்த இளைஞரைக் கமத்தொழிலில் ஈடுபடுத்தும் நோக்குடன் 1960களில் அரசு வகுத்த படித்த வாலிபர் திட்டத்தின் கீழ் முத்தையன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் காணிகள் வழங்கப்பட்டன. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு உணவுப் பொருள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, வன்னியின் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. 1977 இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கை அந்த வாழ்வை ஆட்டங்காணச் செய்தது. நான் குறிப்பிடும் கமக்காரரும் அத்திட்டத்தின் கீழ் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று குடியேறியவரே. செல்லும்போது மண்வெட்டியோடு பள்ளிக்கூட நாள்களில் சேர்த்த முத்திரை அல்பத்தையும் கொண்டு சென்றார்.

அவரை நான் சந்தித்தது 2003 இல். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அதே ஆண்டு ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டிருந்தது. செய்தி சேகரிக்கச் சென்ற இடத்தில், நானும் முத்திரை சேர்ப்பவன் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. அடுத்த முறை வரும்போது எனது மேலதிக முத்திரைகளைக் கொண்டுவரும்படி கேட்டுக்கொண்டார்.

முத்திரை சேர்ப்போரிடையே பரிமாற்றத்துக்கென ஓர் ஒழுங்கு உண்டு. பணம் இடையில் வரலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி இருந்தால் மட்டுமே ஒருவர் கொடுக்கலாம். எங்கள் பள்ளிப் பருவத்தில் அதனை 'டபிள்' என்போம். ஒருவரிடம் மிகுதியாக இருப்பது மற்றவரிடம் இல்லாதிருக்க வேண்டும். இருவருக்கும் 'நான் வென்றேன்' என்ற எண்ணம் ஏற்பட்டால் அதுவே நல்ல பரிமாற்றம்.

இலங்கையின் முதலாவது முத்திரை 1857 ஏப்ரல் 1 ஆம் திகதி வெளிவந்தது. விக்டோரியா மகாராணியின் தலையுருவம் பொறித்த 6 பென்ஸ் முத்திரை அது. 1859 இல் வெளியான, ஓரத்தில் துளையிடப்படாத, மங்கிய ரோசா நிற 4 பென்ஸ் முத்திரையே இலங்கை முத்திரைகளுள் மிக அரியதாகக் கருதப்படுகிறது. அவற்றையெல்லாம் நாங்கள் இருவரும் படத்தில் மட்டுமே கண்டவர்கள். அவர் பல்லாண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தது 1971 இல் வெளியான ஆறுமுக நாவலர் முத்திரையை. அதே வரிசையில் வெளிவந்த ஆனந்த குமாரசுவாமி முத்திரை அவரிடம் இருந்தது, நாவலர் இல்லை. என்னிடம் நாவலர் இரண்டு இருந்தன.

அவரது அல்பத்தின் பின்பகுதி எனக்கு வியப்பளித்தது. நோர்வே, டென்மார்க், ஜேர்மனி, பிரான்ஸ், கனடா எனப் பக்கம் பக்கமாக முத்திரைகள். 'ஹெல்வெற்றியா' என்று பொறிக்கப்பட்டவற்றை எந்த நாட்டுக்குரியவை என்று அறியாமல் ஊர்ப் பிள்ளைகள் முதலில் திகைத்தார்களாம். அது சுவிற்சர்லாந்தின் இலத்தீன் பெயர். 1983 யூலைக்குப் பின்னர் எமது மக்கள் எங்கெங்கு சென்று ஒதுங்கினார்களோ, அந்த நாடுகளெல்லாம் வரிசையாக அந்த அல்பத்தில் இருந்தன. எமது புலப்பெயர்வின் வரைபடத்தை நான் முதன்முதலாகக் கண்டது எந்த நூலிலுமன்று. அந்தக் கமக்காரரின் வீட்டுத் திண்ணையில்தான்.

நாவலருக்கு ஈடாக ஒரு சுவிஸ் முத்திரையைக் கேட்டேன். அவர் முத்திரையைத் தரவில்லை. மகனிடமிருந்து 1998 இல் வந்த கடிதமொன்றின் உறையை முழுமையாகத் தந்தார். உறையின் மூலையை வெட்டி, நீரில் ஊறவைத்து, முத்திரையைப் பிரித்துப் பழைய பத்திரிகைத் தாளில் உலர்த்துவதுதான் எனக்குத் தெரிந்த முறை. அவர் தடுத்தார். "முத்திரையைக் கழட்டினால் அது வெறும் கடதாசி, தம்பி. உறையைத் திருப்பிப் பாருங்கோ" என்றார்.

முன்புறத்தில் சுவிஸ் தபாற்கந்தோரின் சீல். பின்புறத்தில் விசுவமடுத் தபாற்கந்தோரின் சீல். இரண்டு திகதிகளுக்கும் இடையில் இரண்டு மாதங்களுக்கு மேல். 1997 மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலம் அது. பற்றரி, எரிபொருள், சீமெந்து என்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டிருந்த நாள்களில், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் அரச தபாற்சேவை தட்டுத் தடுமாறி இயங்கியது. "இந்த உறையளை அடுக்கி நாளை எண்ணினால் எப்ப சண்டை கூடினது, எப்ப குறைஞ்சது எண்டு சொல்லலாம்" என்றார் அவர். ஒரு செய்தியாளனாக அன்று நான் கற்ற பாடம் அது. நாவலர் அவரது அல்பத்துக்குச் சென்றார்; உறை என்னோடு கொழும்புக்கு வந்தது.

இவ்விடத்தில் அமெரிக்கப் பேஸ்போல் அட்டைகளின் கதையைக் குறிப்பிடுவது பொருந்தும். அங்கு சிறுவர்கள் முத்திரைக்குப் பதிலாகத் தங்கள் விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளைச் சேர்த்து, எங்களைப் போலவே 'டபிள்' கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். 1909 இற்கும் 1911 இற்கும் இடையில் சிகரெட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட ஹோனஸ் வாக்னரின் அட்டை விரைவிலேயே நிறுத்தப்பட்டதால் மிகச் சிலவே எஞ்சின. அவற்றுள் ஒன்று 2022 இல் 72.5 இலட்சம் டொலருக்கு விலைபோனது. ரொப்ஸ் நிறுவனம் 1952 இல் வெளியிட்டு விற்பனையாகாமல் தேங்கிய அட்டைகளைப் பின்னர் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அங்கு பணியாற்றிய சை பேர்கர் கூறியுள்ளார். அதே வெளியீட்டைச் சேர்ந்த மிக்கி மான்டில் அட்டையொன்று 2022 இல் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. மற்றவை அழிவதாலேயே ஒரு பொருள் அரியதாகிறது. கடலில் கொட்டியவர்களுக்கு அது வெறும் சரக்கு. எமக்கு அழிந்தவை சரக்குகள் அல்ல.

2006 ஓகஸ்ட்டில் முகமாலையில் ஏ-9 வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி வீழ்ந்ததும் மக்கள் அந்தக் கிழக்கு வீதி வழியாக உழவு இயந்திரங்களிலும் சைக்கிள்களிலும் கால்நடையாகவும் நகர்ந்தனர். அம்மாத இறுதியில் விசுவமடுவும் படையினர் வசமானது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் யாவும் முடிந்தபோது, உயிரோடு வந்தவர்களின் கைகளில் ஏறக்குறைய எதுவுமே இருக்கவில்லை.

2011 இல், மீளக் குடியமர்ந்திருந்த அவரைத் தகரக் கொட்டிலொன்றில் கண்டேன். அல்பம் இல்லை. உறைகளும் இல்லை. எங்கே விட்டார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவரது சேகரிப்பில் உலகில் எஞ்சியிருந்தது, அவர் எனக்குக் கொடுத்த அந்த ஓர் உறை மட்டுமே. கொடுத்தது தப்பியது, காத்து வைத்தது போயிற்று. அதனைத் திருப்பிக் கொடுக்கவே எடுத்துச் சென்றிருந்தேன்.

அவர் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின்னர் என்னிடமே நீட்டினார். "மாத்தினது மாத்தினதுதான் தம்பி. திருப்பி வாங்கினால் அது முறையில்லை. உங்களிட்ட மற்ற நாவலர் இருக்குதோ?"

இருந்தது. கொடுத்தேன். ஈடாகக் கொடுக்க அவரிடம் எதுவும் இருக்கவில்லை. மகன் இப்போது தொலைபேசியில் பேசுவதால் கடிதங்களும் வருவதில்லை. அப்பியாசக் கொப்பியொன்றை எடுத்து, முதற்பக்கத்தில் நாவலரை வைத்து, கீழே என் பெயரை எழுதி, 'ஒன்று கொடுக்க வேண்டும்' என்று குறித்துக்கொண்டார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வன்னிக்கு வந்த கடிதங்கள் அழிந்துவிட்டன. ஆனால் வன்னியிலிருந்து சென்ற கடிதங்கள் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் உங்கள் வீட்டுச் சப்பாத்துப் பெட்டிகளுக்குள் இன்றும் இருக்கக்கூடும். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தை எரியக் கொடுத்தவர்கள் நாம். இலங்கைத் தமிழர் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனம் போன்றவை 2000களில்தான் எமக்கு வாய்த்தன. வீடு துப்புரவு செய்யும்போது அந்தப் பெட்டியைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். முத்திரையைக் கிழித்தெடுக்காதீர்கள். உறையைத் திருப்பிச் சீலில் உள்ள திகதியை வாசியுங்கள்.