குருவில்லாமல் வந்த கலை

கைத்தொழில் மரபென்றால் தந்தை மகனுக்கும் குரு சீடனுக்கும் கைமாற்றித் தந்ததாக இருக்க வேண்டும் என்பது பொதுவான எண்ணம். வட மெக்சிகோவின் சிவாவா பாலைப்பகுதியில் உள்ள மாத்தா ஒர்த்தீஸ் என்ற சிற்றூர் இதற்கு விலக்கு. அதன் அருகே பக்கிமே என்ற தொல்நகரம் 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்திருந்தது. அது பாழானபின் அதன் வண்ணப் பானைத்தொழிலும் அற்றுப்போனது. மாத்தா ஒர்த்தீஸோ 20ஆம் நூற்றாண்டில் ரயில்பாதையையும் மரத்தொழிலையும் நம்பி வளர்ந்த ஊர். அங்கே குடியேறியவர்களுக்குப் பானை வனையச் சொல்லித்தர யாரும் இல்லை.

ரயில் பணிமனை இடம்பெயர்ந்ததும் ஊரின் பிழைப்பு நொடித்தது. மலையில் விறகு பொறுக்கப் போன ஹுவான் கெசாதா என்ற இளைஞரின் கண்ணில் பழைய பக்கிமே பானைகளின் ஓடுகள் பட்டன. அதேபோல் செய்து பார்த்தார், பானைகள் வெடித்தன. ஓடுகளின் உடைந்த விளிம்பைக் கூர்ந்து பார்த்தபோது களிமண்ணோடு கரடுமுரடான மணல் கலந்திருப்பது தெரிந்தது. மணல் சேர்த்தார், வெடிப்பு நின்றது. இன்றும் அவ்வூரில் குயவர் சக்கரம் கிடையாது. சப்பாத்திபோல் தட்டிய மண்ணை அச்சில் அழுத்தி, அதன்மேல் ஒரே தடித்த வளையத்தை வைத்துச் சுவராக இழுத்து உயர்த்துகிறார்கள். ரம்பத் தகட்டால் சுரண்டி, கல்லாலோ எலும்பாலோ மெருகேற்றி, தலைமுடித் தூரிகையால் கோடு வரைகிறார்கள். பானையைக் கவிழ்த்த வாளிக்குள் வைத்து, சுற்றிலும் காய்ந்த மாட்டுச் சாணத்தை அடுக்கிச் சுடுகிறார்கள்.

இது அமெரிக்கச் சந்தை உருவாக்கிய கலைதானே என்று கேட்கலாம். 1976இல் அமெரிக்காவின் டெமிங் நகரில், பழம்பொருள் கடையொன்றில் மூன்று பானைகளைக் கண்ட மானிடவியலாளர் ஸ்பென்சர் மக்கல்லம், செய்தவரைத் தேடி வந்தார். கெசாதா விற்பனைக் கவலையின்றி வேலை செய்ய அவருக்கு மாதந்தோறும் பணம் கொடுத்தார், கண்காட்சிகளுக்கும் வழிசெய்தார். தொழில் பெருகியதில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவர் வருமுன்பே பானை கடைக்கு வந்துவிட்டதே! சந்தை தந்தது வருமானம். வேலைத்திறன் அதற்கு முந்தியது. வெறும் நகலெடுப்பு என்ற குற்றச்சாட்டு அதைவிட வலுவானது. தொடக்கத்தில் செய்தவை பழைய பாணியையே பின்பற்றின. ஆனால் குயவர்கள் அடியில் தம் பெயரைப் பொறித்து, தங்கள் சொந்தக் கோலங்களை வரையத் தொடங்கியபின் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. 1999இல் மெக்சிகோ அரசின் தேசிய விருதும் கெசாதாவுக்குக் கிடைத்தது.

கண்டறிந்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் அது ஒரு தனிமனிதரின் சாமர்த்தியமாகவே முடிந்திருக்கும். தம்பி தங்கைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். ஊரில் நூற்றுக்கணக்கானோர் குயவரானார்கள். 2022இல் கெசாதா மறைந்தார், தொழில் நிற்கவில்லை. ஒரு கலை எத்தனை நூற்றாண்டு பழையது என்பதை வைத்து அதை மரபு என்பது போதாது. அது அடுத்தவர் கைக்குப் போகிறதா என்பதே உரைகல். அந்த உரைகல்லில் மாத்தா ஒர்த்தீஸ் தேறிவிட்டது.