ராப்சோடி

ராப்சோடி என்பது மேலை இசையில் இடைநிற்காமல் ஒரே ஓட்டமாகச் செல்லும் உருப்படி. பகுதிக்குப் பகுதி அதன் நடையும் உணர்ச்சியும் மாறும். இலக்கணக் கட்டு தளர்ந்திருக்கும். இசைக்கு வெளியே, உணர்ச்சிவசப்பட்ட புகழ்ச்சிப் பேச்சையும் ஐரோப்பிய மொழிகள் இச்சொல்லால் சுட்டுகின்றன. இரண்டுமே பிற்காலப் பொருள்கள். சொல் பிறந்தது பண்டைக் கிரேக்கத்தில். ‘ராப்டெயின்’ என்றால் தைத்தல். ‘ஓடே’ என்றால் பாட்டு. பாட்டைத் தைப்பவர் ராப்சோடர், அவர் ஓதுவது ராப்சோடியா. ஓதுபவர் கையில் கோல் இருந்ததால், கோலைக் குறிக்கும் ‘ராப்டோஸ்’ என்ற சொல்லிலிருந்து பெயர் வந்ததாகப் பண்டைக் காலத்திலேயே சிலர் கருதினர். மொழியியலார் அதை ஏற்பதில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டாரும் ஹோமரின் வழிவந்த பாடகர்களைத் தையலோடு சேர்த்தே பேசுகிறார்.

ராப்சோடருக்கு முன்னோடி ‘அவோய்தோஸ்’ எனப்பட்ட பாடகர். அவர் யாழ் போன்ற நரம்புக் கருவியை மீட்டி, பழங்கதையைப் பாடும்போதே புனைந்து செல்வார். ராப்சோடர் காலத்தில் கருவி போய்க் கோல் வந்தது. ஹோமரின் வரிகளும் பெரும்பாலும் நிலைத்துவிட்டன. ராப்சோடரின் தோற்றத்தை இன்றும் காணலாம். கி.மு. 490ஐ ஒட்டி ஏதென்சில் வனையப்பட்ட ஒரு சாடி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் ஓவியத்தில் மேலாடை போர்த்திய ஒருவர் மேடைமேல் நின்று, முடிச்சு முடிச்சான கோலை முன்னே நீட்டிப் பிடித்திருக்கிறார். அவர் ஓதும் சொற்களை ஓவியர் எழுத்துகளாகவே தீட்டியிருக்கிறார். அவை வாயிலிருந்து வரிசையாக வெளிவருகின்றன.

ஏதென்சின் பானத்தினயா திருவிழாவில் ராப்சோடர்களுக்குப் போட்டி உண்டு. ஒருவர் நிறுத்திய இடத்திலிருந்துதான் அடுத்தவர் தொடங்க வேண்டும். இந்த விதியைக் கொண்டுவந்தவர் ஏதென்சின் ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த ஹிப்பார்க்கோஸ் என்று பிளேட்டோவின் பெயரால் வழங்கும் உரையாடல் ஒன்று சொல்கிறது. விருப்பமான காட்சியை மட்டும் ஓதிக் கைதட்டு வாங்கும் வழியை இந்த விதி அடைத்தது. கதையும் கோவை கெடாமல் மக்களிடம் போய்ச் சேர்ந்தது. ஓதுதலுக்கு அரசியல் வலிமையும் இருந்தது. ஆர்கோசோடு போரிட்ட சிக்கியோன் நகர ஆட்சியாளர் கிளெய்ஸ்தெனஸ், ஹோமரின் பாடல்கள் ஆர்கோசைப் புகழ்கின்றன என்பதற்காகவே ராப்சோடர் போட்டிகளை நிறுத்தினார் என்கிறார் ஹெரோடோட்டஸ்.

பிளேட்டோவின் ‘அயோன்’ உரையாடலின் நாயகர் எபேசோஸ் நகரத்து ராப்சோடர். பகட்டான உடையும் பொன்முடியும் அணிந்து மேடையேறுவார். சோகக் காட்சியில் அவர் கண் கலங்கும். அச்சம் தரும் இடத்தில் மயிர் சிலிர்க்கும். ஆனாலும் கூட்டம் அழுகிறதா என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே இருப்பார், வருமானம் அதைப் பொறுத்தது. இவருக்கு இருப்பது கலையறிவல்ல, தெய்வ ஆவேசமே என்று சாக்ரடீஸ் வாதிடுகிறார். காந்தக் கல் ஒரு வளையத்தை இழுக்க, அந்த வளையம் அடுத்ததை இழுப்பதுபோல, கலைத்தேவியிடமிருந்து கவிஞருக்கும், அவரிடமிருந்து ராப்சோடருக்கும், பிறகு கூட்டத்துக்கும் ஆவேசம் பாய்கிறதாம். அழகான வாதம், ஆனால் நியாயமானதல்ல. ஆயிரக்கணக்கான வரிகளை மனத்தில் நிறுத்தி, பிறர் விட்ட இடத்தில் தடுமாறாமல் தொடங்குபவரிடம் கலையறிவு இல்லை என்பதை எப்படி ஏற்பது?

16ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல், விரைவில் ஒட்டுப்போட்ட கதம்பம் என்ற இளக்காரப் பொருளை ஏற்றது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் தன் தாயிடம் பேசும்போது, பொருளிழந்த சொற்குவியல் என்ற கருத்தில்தான் இதை ஆள்கிறான். ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட், ஒழுங்கமைந்த அறிவுக்கு எதிர்ப்பதமாக இதை வைத்தார். உணர்ச்சிப் பெருக்கு என்ற பொருளும் இதே காலப்பகுதியில் வலுத்தது. தைப்பவரின் கைத்திறனைக் குறித்த சொல், தையல் இல்லாமையைக் குறிக்க வந்தது பெரிய அநீதி.

அந்தத் திறனுக்கு உரிய மதிப்பை 20ஆம் நூற்றாண்டு ஆய்வுகள் மீட்டுத் தந்தன. அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி 1930களில் யூகோஸ்லாவியாவின் வாய்மொழிப் பாடகர்களைப் பதிவு செய்தார். வழிவழி வந்த சொற்றொடர்களை இணைத்தே அவர்கள் நீண்ட காப்பியங்களைப் பாடினர் என்பதை அவரும் ஆல்பர்ட் லார்டும் நிறுவினர். இந்த ஆய்வுமுறையைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்திப் பார்த்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த க. கைலாசபதி. பர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து அவர் எழுதிய ஆங்கில நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளியானது. பாணரையும் கிரேக்கப் பாடகரையும் அருகருகே வைத்துப் பார்க்க விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான்.

இசையில் இப்பெயரை நிலைநாட்டிய முன்னோடிகளுள் ஒருவர் பிராகாவில் வாழ்ந்த தோமாஷெக். 1810ஐ ஒட்டி அவர் பியானோவுக்கு ராப்சோடிகள் எழுதினார். உலகறியச் செய்தவர் பிரான்ஸ் லிஸ்ட். அவரது 19 ஹங்கேரிய ராப்சோடிகளில் முதல் 15 உருப்படிகள் 1853க்குள் வெளிவந்தன. புகழ்பெற்ற இரண்டாவது, கனத்த ‘லாஷான்’ நடையில் தொடங்கி, வெறிகொண்ட ‘ஃப்ரிஷ்கா’வில் முடிகிறது. ரோமானி இசைக்குழுக்களிடம் கேட்ட மெட்டுகளை அவர்களுடைய சொந்த இசை என்று லிஸ்ட் நம்பினார். அவற்றுள் பல ஹங்கேரிய இசைஞர்கள் இயற்றியவை. பின்னர் ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டிய ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக், லிஸ்டின் இந்தக் கருத்தை மறுத்தார். ஆனாலும் 1928இல் உழவர் மெட்டுகளைக் கொண்டு வயலினுக்கு எழுதிய இரு படைப்புகளுக்கு அவர் வைத்த பெயரும் ராப்சோடிதான். மெதுநடை, விரைநடை என்ற அமைப்பும் அதுவே.

லிஸ்டுக்குப் பின் துவோர்ஷாக், எனெஸ்கு, ராவெல் எனப் பலர் நாட்டின் அல்லது இனத்தின் பெயரோடு ராப்சோடி எழுதினர். அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ஷ்வினின் ‘ராப்சோடி இன் ப்ளூ’ 1924 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் அரங்கேறியது. தொடக்கத்தில் கிளாரினெட் வழுக்கிக்கொண்டே உச்சிக்கு ஏறும் இழைவில் ஜாஸ் இசை கச்சேரி மேடைக்குள் நுழைந்தது. ரக்மானினோவ் 1934இல் பகனினியின் ஒரே மெட்டை 24 வகையாக மாற்றி ஒரு ராப்சோடி எழுதினார். 18ஆவது, மெட்டைத் தலைகீழாகத் திருப்பியது.

பரவலாக அறியப்பட்டது குவீன் குழுவின் ‘போஹேமியன் ராப்சோடி’ (1975). எழுதியவர் ஃபிரெடி மெர்குரி, சான்சிபாரில் பிறந்து மகாராட்டிரத்தின் பஞ்சகனியில் பள்ளிக்கல்வி பெற்ற பார்சி. கூட்டுக்குரல், மென்பாட்டு, கிட்டார், ஆப்பரா, முரட்டு ராக் என்று ஏறக்குறைய ஆறு நிமிடம் ஓடும் இப்பாடலில் பல்லவியே கிடையாது. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த பாடல், 1991இல் மெர்குரி மறைந்தபின் மீண்டும் முதலிடம் பெற்றது. இத்தனை நடைகளும் ஒட்டுத் தெரியாமல் இணைந்திருப்பதால், ராப்சோடி என்ற பெயர் இதற்கு முழுவதும் தகும்.