ஒரே சொல்லில் முடங்கும் விளையாட்டு சர்வர்: பெற்றோரும் பிள்ளைகளும் அறிய வேண்டியவை

தோட்டமானாலும் பட்டணமானாலும், கையில் இணையம் உள்ள பிள்ளைகளுக்கு மைன்கிராஃப்ட் பழகிய விளையாட்டு. நண்பர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே உலகில் வீடும் கோயிலும் கட்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு சர்வர் தேவை. சிலர் மாதக் கட்டணம் செலுத்தி அதை வாடகைக்கு எடுக்கின்றனர். சிலர் வீட்டுக் கணினியிலேயே நடத்துகின்றனர். அத்தகைய சர்வரை ஒரே ஒருவர், ஒரே கட்டளையால் நிறுத்திவிடக்கூடிய ஓட்டை ஒன்று 2023 ஜூனில் வெளிச்சத்துக்கு வந்தது.

சேவை மறுப்பு என்றால் என்ன?

கணினியில் உள்ளதைத் திருடாமல், அதை வேலை செய்ய விடாமல் தடுப்பதே சேவை மறுப்புத் தாக்குதல். ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளை அனுப்பித் திணறடிப்பது ஒரு வகை. மென்பொருளில் இருக்கும் பிழையைப் பிடித்து உள்ளிருந்தே முடக்குவது மற்றொரு வகை. முதலாவது கொட்டும் அடைமழை போன்றது. இரண்டாவது, 1883-இல் பழைய கோலா குபுவை மூழ்கடித்த அணை உடைப்பைப் போன்றது.

ஓட்டை எங்கே இருந்தது?

ஃபாஸ்ட் ஏசிங்க் வேர்ல்ட்எடிட் என்பது மைன்கிராஃப்ட் சர்வரில் சேர்க்கப்படும் ஒரு பிளகின். இரண்டு மூலைகளைக் குறித்துவிட்டால், இடையிலுள்ள பகுதி முழுவதையும் ஒரே கட்டளையில் நிரப்பவோ அழிக்கவோ இது உதவும். மூலையைக் குறிக்க எண்களைத் தர வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ‘இன்ஃபினிட்டி’, அதாவது முடிவிலி, என்ற ஆங்கிலச் சொல்லைத் தந்தாலும் பிளகின் அதை ஏற்றுக்கொண்டது. ஜாவா மொழியில் அச்சொல்லுக்கும் ஓர் எண்ணின் மதிப்பு உண்டு. எல்லையே இல்லாத பகுதியில் வேலை செய்யப் புறப்படும் சர்வர், அதிலேயே சிக்கி விழுந்துவிடக்கூடும்.

சிவிஇ-2023-35925 என்ற எண்ணில் பதிவான இந்தப் பிழை, 2.6.3 பதிப்பில் சரிசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பை இன்னும் வைத்திருப்போருக்கு ஆபத்து நீங்கவில்லை.

சர்வர் நடத்துவோர் செய்ய வேண்டியவை

- பிளகின்களையும் சர்வர் மென்பொருளையும் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள்.
- பகுதியைத் திருத்தும் கட்டளைகளுக்கான அனுமதியை நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.
- உலகக் கோப்பின் நகலை வேறொரு வட்டில் தவறாமல் சேமியுங்கள். சர்வர் திடீரென நின்றால், கடைசியாகச் சேமித்த பிறகு கட்டியவை தொலைந்து போகலாம்.
- சர்வர் விழுந்தால், அதன் பதிவுக் கோப்பை அழிக்காதீர்கள். யார், எந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்பதை அதில் தேடலாம்.

விளையாட்டு வினையாகும்

2016-இல் உலகையே உலுக்கிய மிராய் தாக்குதல் மென்பொருளை உருவாக்கியவர்கள் அமெரிக்க இளைஞர்கள் மூவர். அவர்களின் தொடக்க இலக்குகளில் மைன்கிராஃப்ட் சர்வர்களும் இருந்தன. 2017-இல் மூவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

மலேசியாவில் 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் நடப்பில் உள்ளது. அனுமதியின்றிக் கணினியின் உள்ளடக்கத்தை மாற்றுவது 5-ஆவது பிரிவின் கீழ் குற்றம். கணினியின் வழக்கமான இயக்கத்தைக் கெடுப்பதையும் ‘மாற்றம்’ என்றே அச்சட்டம் கொள்கிறது. 100,000 ரிங்கிட் வரை அபராதம், ஏழாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பாதிக்கப்பட்டோர் சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவையிடம் புகார் செய்யலாம். காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். “விளையாட்டுதானே” என்று பெற்றோர் ஒதுக்கிவிடக் கூடாது. தாக்கப்பட்ட பிள்ளைக்கு அது பல வார உழைப்பின் இழப்பு. தாக்கிய பிள்ளைக்கோ, எதிர்காலத்தையே பாதிக்கும் வழக்காக அது மாறலாம்.