கேருபீனும் ஞானாதிக்கரும்

யூத, கிறித்தவ மறைநூல்கள் கூறும் சிறகுடைய விண்ணுயிர்களுள் கெரூப் என்பது ஒன்று. தமிழில் இதற்கு இருவேறு பெயர்கள் வழங்கி வந்துள்ளன. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தில் அவ்விரண்டற்கும் உரிய மரபுகள் அருகருகே வேரூன்றின. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொண்டாற்றிய காமநாயக்கன்பட்டி கத்தோலிக்க மரபினது. 1854இல் இராக்லாந்து தொடங்கிய வடதிருநெல்வேலிப் பணி சீர்திருத்த சபையாரது. முன்னவர்தம் பழைய வேண்டுதல்கள் 'ஞானாதிக்கர்' என்னும். பின்னவர்தம் திருமறை 'கேருபீன்' என்னும். இவற்றுள் எப்பெயர் அவ்வுயிரின் இயல்பைக் காட்டுகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

எபிரேய மறையில் இவற்றின் தொழில் இரண்டு. ஒன்று காவல், ஏதேனின் கீழ்த்திசையில் நின்று உயிர்மரத்திற்குச் செல்லும் வழியைக் காப்பன இவையே. மற்றொன்று தாங்குதல், உடன்படிக்கைப் பேழையின் மூடிமீது பொன்னாலாய இரு கெரூபுகள் எதிரெதிர் நோக்கிச் சிறகு விரித்து நிற்க, அவற்றின் நடுவினின்று இறைவன் பேசுவான். சாலமோன் கோயிலில் ஒலிவ மரத்தாற் செய்யப்பெற்றவை பத்து முழ உயரமுடையன. எசேக்கியேல் கண்டவற்றிற்கு நான்கு முகமும் நான்கு சிறகும் உள, மேனியெங்கும் கண்கள். அசீரிய அரண்மனை வாயில்களில் நின்ற சிறகுடைய காளையுருக்களோடு இவற்றை அறிஞர் ஒப்பிடுவர். நம் கோயில் மரபில் வாயிற்காவலர் வேறு, ஊர்தி வேறு. கெரூபிலோ அவ்விரு தொழிலும் ஒன்றுபட்டுள்ளன. எனினும் அது வழிபடப்படும் பொருள் அன்று.

அங்ஙனமாயின் 'ஞானாதிக்கர்' என்னும் பெயர் எவ்வாறு வந்தது? கி.பி. முதல் நூற்றாண்டினரான அலெக்சாந்திரியா நகர யூத அறிஞர் பிலோ, இச்சொற்கு 'மிக்க அறிவு' எனப் பொருள் கூறினார். கி.பி. 500ஐ ஒட்டி தியோனீசியர் பெயரால் எழுந்த நூல் அதனை ஏற்று, வானோர் அணிகள் ஒன்பதனுள் கெரூபுகளைச் சேராபுகளுக்கு அடுத்து வைத்தது. அவ்வொன்பது அணிகளையும் பத்திச்சுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர் என வரும் வரிசையால் தமிழாக்கினர் கத்தோலிக்கர். மைம்மோனிதர் வகுத்த யூத வரிசையிலோ கெரூபுகள் பத்தனுள் ஒன்பதாம் படியினவே. ஆகவே அறிவு மிகுதியும் உயர்நிலையும் பின்னையோர் கோட்பாடு என்பது தெளிவாம்.

'கேருபீன்' ஒலிபெயர்ப்பு. வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்திற்கேற்பக் கொள்ளும் நெறி தொல்காப்பியர்க்கும் உடன்பாடே. ஆயின் எபிரேயத்தில் கெரூப் ஒருமை, கெரூபீம் பன்மை. '-ஈன்' என்பது அரமேயப் பன்மை ஈறு. தமிழில் 'கேருபீன்' ஒருமையாகவும், அதன்மேற் 'கள்' ஏறிப் பன்மையாகவும் வழங்கிற்று. இவ்விரட்டைப் பன்மையை நீக்கி, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு 'கெருபு, கெருபுகள்' என அமைத்தது.

இதனாற் பெறப்படுவது யாது? 'கேருபீன்' மூலத்தின் பெயர். 'ஞானாதிக்கர்' அதற்கு எழுந்த உரை. முன்னது பொருள் விளக்காது. பின்னது ஒரு பொருளை விளக்கிக் காவலையும் தாங்குதலையும் மறைத்துவிடும். உரையையே மூலமாகக் கொள்வார் கோட்பாட்டின் வரலாற்றை இழப்பர். உரையைத் தள்ளுவார் கரிசற் சிற்றூர் மக்கள் தம் நாவில் வழங்கிய சமயத் தமிழின் வரலாற்றை இழப்பர். இரண்டனையும் உடன்வைத்து ஆராய்தலே கிறித்தவத் தமிழ் ஆராய்ச்சிக்குரிய நெறியாம்.