சூசன் செய்த குற்றம் யாது?

நெடுங்கதைத் தொடர் ஒன்றைத் தொடங்குவது எளிது. அதை முடிப்பதே அரிது. முதல் நூலில் ஆசிரியன் வாசகனை அழைக்கிறான். கடைசி நூலிலோ வாசகன் ஆசிரியனிடம் கணக்குக் கேட்கிறான். வாழ்ந்தவர் யார், வீழ்ந்தவர் யார், எவருக்கு நீதி கிடைத்தது, எவருக்குக் கிடைக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்க்கிறான். ஐந்தொகை நேராகாவிடின் அவன் எளிதில் விடுவதில்லை. இவ்வுண்மைக்கு ஆங்கில இலக்கியத்திற் சிறந்ததோர் எடுத்துக்காட்டு, ஸி. எஸ். லூயிஸ் இயற்றிய நார்னியாக் கதைகளின் இறுதி நூலாகும்.

லூயிஸ் 1898-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆசிரியராயிருந்து, 1954-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகப் பேராசிரியரானவர். கிறிஸ்தவ சமய நூல்கள் பல எழுதிப் புகழ் பெற்றவர். 1950 முதல் 1956 வரை, ஆண்டுக்கொன்றாக ஏழு கதை நூல்களை அவர் சிறுவர்க்கு அளித்தார். பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்னும் உடன்பிறந்தார் நால்வர் ஓர் அலமாரியின் வழியே நார்னியா என்னும் மாய நாட்டிற் புகுந்து, அஸ்லான் என்னும் சிங்கத்தின் துணையால் சூனியக்காரியின் கொடுங்கோலை வீழ்த்தி, அங்கே அரசு புரிவதே முதற் கதை. இத்தொடர் இதுவரை 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

ஏழாவது நூலாகிய 'கடைசிப் போர்' 1956 செப்டம்பரில் வெளிவந்தது. அதில் ஒரு குரங்கு, கழுதையொன்றுக்குச் சிங்கத்தோல் போர்த்தி, இதுவே அஸ்லான் என்று மக்களை ஏய்க்கிறது. பொய்த் தெய்வத்தின் பேரால் அடிமைத்தனம் பரவுகிறது. முடிவில் நார்னியாவே அழிந்தொழிகிறது. இங்கிலாந்தில் நேர்ந்த ஒரு ரயில் விபத்தில் பீட்டர், எட்மண்ட், லூசி மூவரும் இறந்து, அஸ்லானின் அழியா நாட்டை அடைகின்றனர். சூசன் மட்டும் அங்கில்லை. அவள் எங்கே என்ற வினா எழுகிறது. நார்னியாவை அவள் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளிவிட்டாள். நைலான் காலுறையும் உதட்டுச் சாயமும் விருந்தழைப்புமே அவளுக்குப் பெரிதாயின என்று விடை வருகிறது. அத்துடன் பேச்சு முடிந்து, அனைவர் கண்ணும் அங்குள்ள பழமரங்களின்பாற் செல்கின்றன.

நூலுக்குப் பெருமைக்குக் குறைவில்லை. பிரிட்டனின் நூலகச் சங்கம் சிறுவர் இலக்கியத்துக்கென அந்நாளில் வழங்கிவந்த கார்னகிப் பதக்கத்தை 1956-ம் ஆண்டுக்கு இதற்கே அளித்தது. ஆயினும் வாசகர் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது. சூசன் என்ன ஆனாள்? இவ்வினாவைக் கடிதம் எழுதிக் கேட்டவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். 1957-ல் ஒரு சிறுவனுக்கு லூயிஸ் விடையளித்தார். சூசன் இவ்வுலகில் உயிரோடிருக்கிறாள். சற்றே அறிவு மயங்கித் தற்பெருமை கொண்ட பெண்ணாகிவிட்டாள். எனினும் திருந்துவதற்குக் காலம் நிறைய இருக்கிறது என்பது அவ்விடையின் சாரம். 1960-ல் மற்றொருவர் கேட்டபோது, சூசனின் பயணம் பெரியோர்க்குரிய நாவல்போல் நீளும், அதைத் தாம் எழுதுதல் இயலாது என்று கூறி, நீங்களே எழுதிப் பாருங்களேன் என்றும் தூண்டினார். 1963 நவம்பரில் அவர் மறைந்தார். வழக்கு வாசகர் கையில் நின்றது.

பின்வந்த எழுத்தாளர் அதனைச் சும்மா விடவில்லை. 1998-ல் பிலிப் புல்மன் என்னும் நாவலாசிரியர் 'கார்டியன்' பத்திரிகையில் லூயிஸைக் கடுமையாகச் சாடினார். பெண்களை இழிவு செய்தல், நிறவெறி ஆகிய குற்றங்களை நார்னியாக் கதைகளின்மீது அவர் சுமத்தினார். ஒரு பெண் சிறுமிப் பருவத்தைக் கடந்து மங்கைப் பருவம் எய்துவதையே லூயிஸ் பொறுக்கவில்லை என்பது அவர் வாதம். 2004-ல் நீல் கெய்மன் 'சூசனின் பிரச்சினை' என்ற சிறுகதையை வெளியிட்டார். ரயில் விபத்தில் குடும்பத்தை இழந்து, உடன்பிறந்தோரின் சடலங்களை அடையாளங்காட்டச் சென்ற ஒரு மூதாட்டி அதில் வருகிறாள். 'ஹாரி பாட்டர்' கதைகளை எழுதிய ரோலிங் அம்மையாரும், உதட்டுச் சாயத்தின் பொருட்டுச் சூசன் இழக்கப்பட்டது தமக்குப் பெருங் குறையாகப்படுகிறதென்று 2005-ல் கூறினார்.

லூயிஸின் பக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை. சூசன் ஒதுக்கப்பட்டது அலங்காரத்துக்காகவன்று. தான் கண்கூடாகக் கண்ட உண்மையைப் பொய்யென்று மறுத்ததற்காக என்பர். அவள் இறக்கவில்லையாதலின், கதவு அவளுக்கு என்றென்றைக்கும் அடைக்கப்படவுமில்லை என்பர். இவ்விரண்டும் நியாயமான வாதங்களே. நூலைப் பழிப்போர் இவற்றை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

எனினும் நாம் கேட்பது வேறு. சூசனைப் பற்றிப் பீட்டர் கூறுகிறான், யூஸ்டேஸ் கூறுகிறான், ஜில் கூறுகிறாள், பாலி கூறுகிறாள். சூசன் மட்டும் அந்நூல் முழுவதிலும் ஒரு சொல்லேனும் பேசவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டவளை விசாரியாமலே எழுதப்பட்ட தீர்ப்பன்றோ இது? முதற் கதையில் எட்மண்ட் தன் உடன்பிறந்தாரையே பகைவிக்குக் காட்டிக் கொடுத்தான். அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. கடைசி நூலில் எமெத் என்னும் பகைநாட்டு வீரன், ஆயுள் முழுதும் வேறு தெய்வத்தை வணங்கியும், உள்ளத் தூய்மையால் உள்ளே அழைக்கப்பட்டான். இத்துணை விரிந்த மனத்தோடு எழுதிய ஆசிரியர், ஒரு பெண்ணின் காலுறைக்கு முன் மட்டும் ஏன் சுருங்கினார்?

காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். லூயிஸ் வரைந்து வைத்த கால அட்டவணைப்படி, அவ்விபத்து 1949-ல் நேர்ந்தது. சூசனுக்கு அப்போது வயது 21. பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைகளுக்குப் பங்கீட்டு முறை இருந்தது. 13-ம் வயது தொட்டுக் கூப்பனை எண்ணி உடுத்தவள் அவள். போர் முடிந்து பஞ்சம் நீங்கும் வேளையில் ஒரு பெண் நல்லதோர் காலுறைக்கும் நாலு பேர் கூடும் விருந்துக்கும் ஆசைப்படுதல் பெரும் பாவமா? ஆடம்பரத்தை நாம் ஆதரிப்பவரல்லேம். ஆனால் ஆடம்பரம் வேறு, ஆசை வேறு. வளர்தல் எவ்வாற்றானும் குற்றமாகாது.

இன்னுமொன்று. அவ்வொரே விபத்தில் சூசன் பெற்றோரையும், சகோதரர் இருவரையும், தங்கையையும், யூஸ்டேஸ் என்னும் உறவினனையும் இழந்தாள். நூலோ மகிழ்ச்சிப் பெருக்கோடு முடிகிறது. மண்ணில் தனித்து நிற்கும் அவள் துயருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. எல்லோரும் வீடு சேர்ந்தனர் என்று கூறும் கதையில் வீடிழந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை முதலிற் கண்டவர் வாசகரே.

இதனால் நாம் பெறும் பாடம் ஒன்றுண்டு. பெரியோர் எழுதிவிட்டார், அச்சேறிவிட்டது, பரிசும் பெற்றுவிட்டது என்பதனால் எந்தத் தீர்ப்பும் முடிந்த தீர்ப்பாகிவிடாது. பேரறிஞர் ஒருவரின் நூலில் நீதி குறைவதை உணர்ந்து, பேனா எடுத்துக் கேட்ட சிறுவரை நாம் போற்றுகிறோம். கேட்டவரைச் சினவாது, மீதியை நீங்கள் எழுதுங்கள் என்ற லூயிஸையும் போற்றுகிறோம். நேயர்காள்! நூலைப் படித்து மூடிவிடுதல் பாதி வேலை. அதனோடு வழக்காடுதலே மறுபாதி. அவ்வழக்கில், பேச வாய்ப்பளிக்கப் பெறாதவர் பக்கம் ஒருவரேனும் எழுந்து நிற்றல் வேண்டும்.